பழைய கதவுக்கு எவ்வளவு சூடு?

பழைய கதவு வாங்குறது இப்போ ஒரு பித்தாவே ஆகிப்போச்சுங்க. எங்க பக்கம் பனியன் கம்பெனிக்காரங்க தோட்டத்து வீடு கட்டினா முன்வாசலுக்குக் காரைக்குடிக் கதவு வேணும். சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு அதே கதவு சாப்பாட்டு மேசையா வேணும், இல்லைன்னா சுவத்துல சாத்தி வைக்கிற அலங்காரமா வேணும். காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கம் இடிபடுற தொட்டிக்கட்டு வீடுகள்ல இருந்து கழட்டின நிலையும் கதவும் சன்னலும் லாரி ஏறிப் போறதை அடிக்கடி பாக்குறேன். எனக்கு அதுல வருத்தம் கிடையாது. மழையில நனைஞ்சு கரையான் தின்னுறதுக்கு யாரோ ஒருத்தர் ஆசையா வெச்சுக்கிட்டா நல்லதுதானே.

சிக்கல் அதுமேல இருக்கிற பெயிண்ட்ல ஆரம்பிக்குது. இந்தக் கதவுகளுக்கு வயசு எழுபது எண்பது இருக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு கை எனாமல் அடிச்சிருப்பாங்க. சுரண்டிப் பார்த்தீங்கன்னா மேல சாக்லேட், அதுக்குக் கீழ நீலம், அதுக்கும் கீழ கிளிப்பச்சை, அடியில ஒரு மஞ்சளோ வெள்ளையோ. வாங்குறவங்களுக்கு அது எதுவும் வேண்டாம், தேக்கோட வரி தெரியணும். பெயிண்டரைக் கூப்பிட்டா அவர் ப்ளோ லேம்ப்போட வந்து நிப்பாரு. இல்லைன்னா சின்ன சிலிண்டர்ல மாட்டின கேஸ் டார்ச். கொஞ்சம் விவரமானவங்க "ஹீட் கன் வாங்கலாமா, எந்த வாட்ஸ் வாங்கலாம்"னு கேக்குறாங்க.

என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன். வாட்ஸைப் பாக்காதீங்க, டிகிரியைப் பாருங்க. எது குறைஞ்ச சூட்டுல பெயிண்டை எழுப்புதோ அதுதான் நல்ல கருவி. தீ கக்குற எதுவும் பழைய பெயிண்ட் பக்கத்துலயே வரக்கூடாது.

ஊத்துக்குளிக்காரங்களுக்கு இது புதுசா சொல்லித் தர வேண்டியதில்ல. வெண்ணெய் உருக்கறப்ப தீ கொஞ்சம் ஏறினாப் போச்சு, நெய் கருகிடும். பெயிண்டும் அதே மாதிரிதான். அது இளகுறதுக்கு வேண்டிய சூடு கம்மி. மரம் கருகுறதுக்கு வேண்டிய சூடு அதுக்குக் கொஞ்சம் மேல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் வேலை பாக்கணும். ப்ளோ லேம்ப் தீயோட சூடு ஆயிரம் டிகிரிக்கும் மேல. அதை வெச்சுக்கிட்டு அந்தச் சந்துல நிக்க முடியுமா? ரொம்பக் கைத்திறமை உள்ளவர் நிப்பாரு, அதுவும் சமமான பலகையில. செதுக்கு வேலை இருக்கிற கதவுல பூவிதழ் ஓரம் மெலிசா இருக்கும், அது மொதல்ல கருகும். கருகின தேக்கை இழைப்புளி போட்டுத்தான் எடுக்கணும். இழைச்சா பூவும் போயிடும்.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுறதைப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? பட்டாவைச் செவக்கக் காய வெச்சு, சக்கரத்து மேல இறக்குவாங்க. மரம் புகைய ஆரம்பிச்ச உடனே தயாரா நிக்கிறவங்க தண்ணியை ஊத்துவாங்க. இரும்பு சுருங்கிக் கட்டையைக் கவ்விப் பிடிச்சுக்கும். மரத்துக்கும் நெருப்புக்கும் அவ்வளவுதான் உறவு, ஒரு சில விநாடி. ஆசாரிக்குத் தெரிஞ்ச அந்தக் கணக்கு ப்ளோ லேம்ப் பிடிக்கிறவருக்கும் தெரியணும்.

மரம் கருகுறது கூட இழப்பு மட்டும்தான். எனக்குப் பெரிய கவலை ஈயம். பழைய எனாமல் பெயிண்ட்ல, அதுலயும் மஞ்சள், சிவப்பு, பச்சை மாதிரி பளிச்னு இருக்கிற நிறங்கள்ல, காரீயம் கலந்த நிறமிகளைச் சேர்த்திருந்தாங்க. சீக்கிரம் காயறதுக்கும் ஈயம் சேர்ப்பாங்க. நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டப்படி விதி வந்தது 2016 நவம்பர்ல. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அப்படின்னா உங்க கதவு மேல இருக்கிற அத்தனை கோட்டும் விதிக்கு முந்தினது. ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலை பாக்குறதுதான் புத்தி.

இந்த 90-ங்கிற எண்ணைக் கேட்டா திருப்பூர்ல பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கிறவங்க சட்டுனு நிமிர்ந்து பாப்பாங்க. அமெரிக்காவுல 2008-ல குழந்தைப் பொருட்களுக்குன்னு ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. அதன்படி 2009 ஆகஸ்ட்ல இருந்து, குழந்தைங்க பொருள் மேல சுரண்டினா உரியுற எந்தப் பூச்சுலயும் ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாது. பனியன்ல அடிக்கிற கரடி பொம்மையும் டெஸ்ட்ல தேறினாத்தான் கப்பல் ஏறும். அங்கே இருக்கிற குழந்தை போடுற சட்டையில பூனைக்குட்டிப் படத்துக்கு ரிப்போர்ட் வாங்குற அதே ஊர்ல, சொந்த வீட்டு வாசக்கதவை ப்ளோ லேம்ப் வெச்சு எரிச்சு, அந்தத் தூள் மேல பேரனைத் தவழ விடறோம். இதை யோசிக்கறப்ப எனக்குக் கோவமே வருதுங்க.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. ஒரே அளவு உள்ள போனாலும் சின்னக் குழந்தை உடம்பு பெரியவங்களைவிட 4, 5 மடங்கு அதிகமா உறிஞ்சிக்கும். பாதிக்கிறது மூளையை. காரீயம் 327 டிகிரியிலயே உருகிடும். சூடு இன்னும் ஏற ஏறப் புகையாக் கிளம்பும். அந்தப் புகை கண்ணுக்குத் தெரியாது, துண்டு கட்டினா நிக்காது. அமெரிக்காவுல 2010-ல இருந்து, 1978-க்கு முந்தின வீடுகள்ல கூலிக்குப் பெயிண்ட் எடுக்கிறவங்க தீயால எரிக்கவே கூடாது, ஹீட் கன் வெச்சாலும் 1100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக்கூடாதுன்னு விதி. நம்ம கணக்குல அது 593 டிகிரி. அது கடைசி எல்லை. நாம அது பக்கத்துல போக வேண்டிய வேலையே இல்ல.

கடையில கிடைக்கிற ஹீட் கன்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு, மேல கீழன்னு ரெண்டே நிலை உள்ளது. கீழ் நிலை சுமார் 300 டிகிரி, மேல் நிலை 500-க்கு மேல. இன்னொண்ணு, திருகு வெச்சுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. வெலை கொஞ்சம் கூடினாலும் ரெண்டாவதை வாங்குங்க. 300 போதலைன்னா நேரா 500-க்குத் தாவாம 350, 400-ன்னு ஏத்திக்கலாம். நடைமுறை ரொம்பச் சுலபம். மூக்கை ரெண்டு மூணு அங்குலம் தள்ளிப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கணும். பெயிண்ட் பால் ஆடை மாதிரி சுருங்கி எழும்பும். எழும்பின கையோட பட்டி பிளேடை மர வரி போற பக்கமா, சாய்வாத் தள்ளணும். புகை வந்தா சூடு அதிகம்னு அர்த்தம். ஒரே இடத்துல நின்னாலும் அதிகம்தான்.

இந்த மெஷின் எல்லாம் 1500, 2000 வாட்ஸ் இழுக்கும். பழைய வீட்டு 5 ஆம்பியர் பிளக்ல சொருகினா பிளக்தான் உருகும், பெயிண்ட் உருகாது. ஃபிரிட்ஜுக்கும் கீஸருக்கும் போட்ட பெரிய பிளக்ல மாட்டுங்க. நீளமா எக்ஸ்டென்ஷன் இழுத்தீங்கன்னா தடிமனான வயர் போடுங்க, சுருட்டி வெக்காதீங்க. இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம் சாமி.

இன்னொரு உள்ளூர் விஷயம், காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துக்காகத்தான் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் அத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்காங்க. ஆனி, ஆடியில வெளித்திண்ணையில ஹீட் கன் பிடிச்சா பாதிச் சூடு காத்தோட போயிடும். போதலைன்னு சூட்டை ஏத்துவீங்க. உதிர்ந்த பெயிண்ட் அடுத்த வீட்டு வாசல்ல கிடக்கும். தை, மாசியில காத்து அடங்கின காலைப்பொழுதுல செஞ்சா வேலை பாதி.

நிலையைச் சுவத்துலயே வெச்சுக்கிட்டுச் சூடு காட்டுறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல கரையான் மண்ணு, குருவிக் கூட்டுப் புல்லு, எந்தக் காலத்துத் தேங்கா நாரோ அடைஞ்சிருக்கும். சூடான காத்து உள்ள போனா அது வெளிய தெரியாம கனிஞ்சுக்கிட்டே கெடக்கும். இங்கிலாந்துல அப்பார்க்னு ஒரு பழைய மாளிகை, 17-ஆம் நூற்றாண்டுல கட்டினது. 1989 ஆகஸ்ட் 30-ஆம் தேதி கூரையில ஈயத் தகட்டைப் பத்த வெக்கிறப்ப டார்ச் தீ பிடிச்சு மேல் மாடியெல்லாம் போச்சு. கூரை வேலையே முடியற தறுவாயில இருந்துச்சாம். திரும்பக் கட்டி மக்களுக்குத் திறக்க 1995 ஆச்சு. அது பெயிண்ட் எடுக்கிற வேலை இல்லதான், ஆனா பழைய மரத்துக்குப் பக்கத்துல தீயை வெச்சா என்ன ஆகும்கிறதுக்கு அது போதும். கதவைக் கழட்டிக் களத்துல போட்டு வேலை பாருங்க. நிலையைக் கழட்ட முடியாதுன்னா ஒரு குடம் தண்ணியைப் பக்கத்துல வெச்சுக்குங்க, வேலை முடிஞ்சும் ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருங்க.

திருப்பூர்லயே ரெண்டு சூட்டுச் சாமான் தெருவுக்குத் தெரு இருக்கு, யாரும் கதவுக்குன்னு நெனச்சுப் பாக்குறதில்ல. ஒண்ணு, அயர்ன் டேபிள்ல இருக்கிற நீராவி. நூறு டிகிரி ஆவிக்கு ஈயம் எங்கே புகையப் போகுது? பெயிண்டும் இளகும், கண்ணாடி பதிச்ச பட்டியும் இளகும், தூளும் ஈரமாகிப் பறக்காது. அமெரிக்காவுல பழைய சன்னல் புதுப்பிக்கிறவங்க சன்னல் சட்டத்தையே நீராவிப் பெட்டிக்குள்ள வெச்சு எடுக்கறாங்க. நேரம் அதிகம் பிடிக்கும், மரம் நனையும், நிழல்ல நாலு நாள் காய விடணும். ஆனா கலர்க் கண்ணாடி உள்ள செட்டிநாட்டுச் சன்னலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஹீட் கன் காத்து பட்டா கண்ணாடி விட்டுடும்.

ரெண்டாவது, பிரிண்டிங் பட்டறையில அச்சு காய வெக்கிற இன்ஃப்ராரெட் பேனல். சுவீடன்காரங்க இதே தத்துவத்துல பெயிண்ட் எடுக்குறதுக்குன்னே ஒரு கருவி செஞ்சு விக்கிறாங்க. பெயிண்ட்டோட எல்லா அடுக்கும் ஒண்ணாச் சூடேறி, ரொட்டி மாதிரி உப்பி எழும்பும். சூடும் ஹீட் கன்னைவிடக் கம்மி. நண்பரோட பட்டறையில ஓய்ஞ்சு கெடந்த ஒரு பழைய பேனலை அவரோட தோட்டத்துக்குக் கொண்டுபோய், படுக்கப் போட்ட ஒரு சன்னல் கதவு மேல நிறுத்திப் பாத்தோம். நாலு அடுக்கும் சேர்ந்தே வந்துச்சு. பேனலை விட்டு நகராம, ஒரு கண்ணை அதுமேலயே வெச்சிருக்கணும். ஒண்ணு மட்டும் கெட்டியாச் சொல்றேன். இந்த வேலையைப் பட்டறைக்குள்ள செய்யாதீங்க. குழந்தை உடுப்பு அடுக்கி வெச்சிருக்கிற எடத்துல பழைய பெயிண்ட் தூளைப் பரப்பறதுக்கு வேற பேரே கிடையாது. கொண்டுபோன பேனலும் திரும்ப உள்ள போகக்கூடாது.

சூடே ஆகாத பூச்சும் இருக்குங்க. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் எல்லாம் எத்தனை சூடு காட்டினாலும் இளகாது. ஈரத்துணியும் பொறுமையும்தான் மருந்து. பழைய அலமாரியில பளபளன்னு இருக்கிறது பிரெஞ்சு பாலிஷா இருந்தா, ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சாலயே வந்துடும். ஹீட் கன் வெச்சா பிசினாட்டம் ஒட்டி உயிரை வாங்கும். ஒரு மூலையில ஸ்பிரிட் பஞ்சு வெச்சுப் பாத்துட்டு அப்புறம் கருவியைப் பத்தி யோசிக்கலாம்.

சூடு வேண்டாம், பெயிண்ட் ரிமூவர் தடவிக்கலாம்னு போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் வேகமா வேலை செய்யும், மூடின ரூம்ல ஆளையும் சேர்த்து வேலை செஞ்சுடும். அமெரிக்காவுல 2000-லிருந்து 2011 வரைக்கும் பாத் டப் பெயிண்ட் எடுக்கிற வேலையில மட்டும் 13 பேர் அதனால செத்திருக்காங்க. 2019-ல பொதுமக்களுக்கு அதை விக்கிறதையே அங்கே நிறுத்திட்டாங்க. டப்பாவுல அந்தப் பேரு இருந்தா திரும்ப வெச்சுட்டு வாங்க. காஸ்டிக் சோடாத் தொட்டியில முக்கி எடுக்கிற ஆளுங்களும் உண்டு. சாயப்பட்டறை ஊர்ல காஸ்டிக் கிடைக்கிறது சுலபம்தான். தேக்கு கறுத்துப்போகும், மூட்டெல்லாம் விட்டுப்போகும். மெஷின் போட்டு உலர்வாத் தேய்க்கிறது எல்லாத்தையும்விட மோசம், ஈயத் தூளை வீடு பூராத் தெளிக்கிற வேலை அது. கடைசி இழைப்புக்கு வாட்டர் பேப்பரை நனைச்சுத் தேய்ங்க.

இவ்வளவும் தெரிஞ்ச பெயிண்டர்களே நெறையப் பேர் இருக்காங்க. அப்புறம் ஏன் ப்ளோ லேம்ப் தூக்கிட்டு வர்றாங்க? எனக்குத் தெரிஞ்சு காரணம் அறியாமை இல்ல, நாம பேசுற கூலி. "ஒரு கதவுக்கு இவ்வளவு"ன்னு கான்ட்ராக்ட் பேசிட்டு, 350 டிகிரியில நிதானமாச் செய்யச் சொன்னா எந்த மனுஷன் செய்வான்? பனியன் கம்பெனிக்காரங்களுக்குப் பீஸ் ரேட்டுக்கும் ஷிஃப்ட் ரேட்டுக்கும் வித்தியாசம் சொல்லவே வேண்டாம். பீஸ் ரேட்ல கை ஓடும். ஓடுற கை தையல்ல ஒரு கண்ணி விட்டா செக்கிங்ல பிடிச்சுடலாம், ஈயப் புகையைப் பிடிக்க எந்த செக்கிங்கும் கிடையாது. அது அவர் நெஞ்சுல போய் உக்காந்துக்கும். சாயங்காலம் அதே சட்டையோட வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவாரு, மிச்சம் அதுக்கு.

அதனால ஹீட் கன் நீங்களே வாங்கிக் குடுங்க. கூலியை நாள் கணக்குல பேசுங்க. நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, துணி மாஸ்க் இல்ல. வேலைச் சட்டையை அங்கயே கழட்டி வெச்சுட்டு, கை கால் கழுவிட்டுப் போறதுக்குத் தண்ணியும் சோப்பும் வைங்க. ஒரு கதவுக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ ஆகும். கதவுக்கு அம்பதாயிரம் குடுத்தவங்க மூணு நாள் கூலிக்குக் கணக்குப் பாத்தா அதை ஆசைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். பெரிய வீட்டு முற்றத்துல கொடுத்த காபியோட நின்னுக்கிட்டு "மதியத்துக்குள்ள முடிஞ்சுடுமா அண்ணா"ன்னு கேட்ட ஒருத்தரை நான் பாத்திருக்கேன். பெயிண்டர் ஒண்ணும் சொல்லல, பம்ப்பை ரெண்டு அடி கூட அடிச்சாரு, தீ நீலமாச்சு.

எல்லாக் கதவையும் உரிக்கத்தான் வேணுமான்னும் கேட்டுக்குங்க. பெயிண்ட் வெடிக்காம, உதிராம, இறுக்கமா இருந்தா அதுல இருக்கிற ஈயம் யாரையும் ஒண்ணும் செய்யப் போறதில்ல. சோப்புத் தண்ணியில கழுவி, வாட்டர் பேப்பர்ல லேசாச் சொரசொரப்பாக்கி, மேல புதுப் பெயிண்ட் அடிச்சாப் போதும். திறந்து மூடுறப்ப உரசுற ஓரத்தை மட்டும் எடுத்துச் சரி பண்ணுங்க, அங்கதான் தூள் உதிரும். கிராமத்துல நெறைய நீலக் கதவு நீலமாவே அழகாத்தான் இருக்கு. மரத்து வரி தெரியணும்கிறது நகரத்துல வந்த ஆசை. அடிச்சவங்க அழகுக்குத்தான் அடிச்சாங்க, அசிங்கப்படுத்த இல்ல.

சுரண்டி எடுத்த சக்கையை என்ன பண்றதுன்னு யாரும் கேக்கறதே இல்ல. வேலைக்கு முன்னாடியே கீழ தடிமனான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டா சுருட்டி எடுத்துடலாம். துடைப்பத்தால கூட்டாதீங்க, ஈரத்துணியால ஒத்தி எடுங்க. எடுத்ததைக் குப்பைமேட்டுல கொட்டறதும் அடுப்புல போடறதும் வேண்டாம். எருக்குழியில போட்டா அது வெள்ளாமைக் காட்டுக்குத்தான் திரும்பி வரும். ஈயம் மக்காது. நொய்யல்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்குன்னு கட்டி 1992-ல முடிச்ச ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கிக் கிணறும் காடும் உப்பாச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. அந்த மண்ணுல இருந்து எழுதறவன்கிறதால இதுல எனக்குக் கொஞ்சம் பதட்டம் அதிகம்தான். 2016-ல வந்த திடக்கழிவு விதி, பழைய பெயிண்ட் டப்பாவெல்லாம் வீட்டு அபாயக் கழிவு, தனியா வாங்கிக்கணும்னு சொல்லுச்சு. மாநகராட்சியில இருக்கிறவங்க கேட்டு வாங்கிக் குடுத்துடுங்க. எங்க பக்கம் அப்படி யாரும் வாங்க வர்றதில்ல. ஒரு மூடி போட்ட பெயிண்ட் டின்ல சக்கையைப் போட்டு, மேல "ஈயம்"னு எழுதி, ஆடு மாடு, பிள்ளைங்க கைக்கு எட்டாத பரண்ல வெச்சிருக்கேன்.